1966 எம்ஜிபி: மீட்டர்களைக் கழற்றப் போகிறேன், தடுப்பவர்கள் இப்போதே தடுக்கலாம்

#1 அறுபத்தாறாம் மாடல்

வணக்கம். என்னிடம் இருப்பது 1966 எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ஸ்பீடோமீட்டரின் கண்ணாடிக்குள் பனி படிந்ததுபோல் மங்கிக் கிடக்கிறது. அதற்குள்ளேயே இருக்கும், ஓடிய மைலைக் கூட்டும் ஓடோமீட்டர் ஒரே எண்ணில் நின்று பல மாதங்கள் ஆகிவிட்டன. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் டேகோமீட்டருக்கு இரவில் வெளிச்சமே இல்லை. முள் இருக்கிறது என்று நம்பித்தான் ஓட்டுகிறேன்.

இந்த வாரக் கடைசியில் இரண்டையும் வெளியே எடுப்பதாக முடிவு. டேஷ்போர்டுக்குக் கீழே தலையைக் கொடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வயர்கள், குழாய்கள், கேபிள்கள் எல்லாம் ஒரு தூக்கணாங்குருவிக் கூடுபோல் இருக்கின்றன. மூன்று கேள்விகள். மொத்த டேஷ்போர்டையும் இறக்க வேண்டுமா? ஸ்டீயரிங் வளையத்தைக் கழற்ற வேண்டுமா? ஆயில் அழுத்தமும் தண்ணீர்ச் சூடும் சேர்ந்து காட்டும் அந்த இரட்டை மீட்டருக்குள் போகும் மெல்லிய செம்புக் குழாயை என்ன செய்வது?

#2 கிழட்டு கியர்பாக்ஸ்

டேஷ்போர்டைத் தொடாதீர்கள். இந்த வண்டியில் அது இரும்புத் தகடு. ஸ்மித்ஸ் கம்பெனி மீட்டர்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக அதில் உட்கார்ந்திருக்கின்றன. மீட்டரின் முதுகில் ப வடிவத்தில் ஒரு பட்டை இருக்கும். அதை விரலால் திருகும் சொரசொரப்பான வட்ட நட்டுகள் பிடித்திருக்கும். பெரிய மீட்டர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நட்டுகள். அவற்றை எடுத்தால் பட்டை பின்னால் வரும், மீட்டர் முன்னால் வரும். அவ்வளவுதான் தத்துவம். மீதியெல்லாம் உங்கள் கை எவ்வளவு மெலிந்தது என்பதைப் பொறுத்தது.

ஓட்டுநர் சீட்டைக் கழற்றிவிடுங்கள். நான்கு போல்ட்டுகள். அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்துத்தான் எல்லோரும் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள். தரையில் கெட்டியான மெத்தை ஒன்றைப் போட்டு, தலையைப் பெடல் பக்கம் வைத்து மல்லாந்து படுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு பேட்டரி. உங்கள் மாடலில் சீட்டுகளுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். யாரும் மாற்றாமல் இருந்தால் அது பாசிட்டிவ் எர்த் வண்டி. அதாவது பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். முதலில் கழற்ற வேண்டியது அதைத்தான். வேறு வண்டிப் பழக்கத்தில் நெகட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் உடலில் பட்டால் வாணவேடிக்கை பார்க்கலாம். கைக்கடிகாரம், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்.

#3 சீட்டுக்கடியில் ஸ்பேனர்

பெரியவர் சொல்வதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. ஸ்டீயரிங் வளையத்தையும் எடுத்துவிடுங்கள். மீட்டர் வெளியே வரும் வழியில் அது குறுக்கே நிற்கும். ஒரு கையால் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு மறு கையால் முன்னால் வாங்கும்போது கண்ணாடி வளையத்தில் இடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

ஒரே எச்சரிக்கை: நடு நட்டை முழுவதும் கழற்றிவிட்டு வளையத்தை இழுக்காதீர்கள். நட்டை இரண்டு மரைகள் பிடித்திருக்குமாறு விட்டு இழுங்கள். வளையம் பல ஆண்டுகளாக இறுகியிருக்கும். வரும்போது சொல்லிக்கொள்ளாமல் வரும். நட்டு இல்லாவிட்டால் உங்கள் மூக்குதான் தடுப்பு. நட்டை எடுப்பதற்கு முன்பு வளையமும் தண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் திரும்ப மாட்டும்போது வளையம் கோணலாக நிற்காது.

#4 கிழட்டு கியர்பாக்ஸ்

நான் முப்பது முறையாவது மீட்டர் எடுத்திருப்பேன், வளையத்தைக் கழற்றியதே இல்லை. ஆனால் தம்பிக்கு அது சுலபமென்றால் அப்படியே செய்யட்டும்.

#5 மின்மினி

கழற்றுவது யாருக்கும் வரும். மாட்டும்போதுதான் அழுகை. ஆகவே ஒரு வயரைக்கூட அடையாளம் கட்டாமல் பிடுங்காதீர்கள். வெள்ளை டேப்பில் எழுதி வயரிலேயே சுற்றுங்கள். புகைப்படமும் எடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் எல்லா வயரும் ஒரே நிறம்.

மின்சாமான் கம்பெனியான லூகாஸின் வயர் நிறங்கள் ஓர் ஒழுங்கில்தான் இருக்கின்றன. பழுப்பு என்றால் சாவி இல்லாவிட்டாலும் மின்சாரம் உண்டு, ஃப்யூஸும் கிடையாது. வெள்ளை, சாவி போட்டால் வருவது. பச்சை, அதே சாவிக்குப் பிறகு ஃப்யூஸ் வழியாக வருவது. சிவப்பில் வெள்ளைக் கோடு போட்டது மீட்டர் விளக்குகளுக்கு. கறுப்பு எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் உடலோடு சேரும் வழி. இளம்பச்சையும் பச்சையும் அறுபது ஆண்டு அழுக்கில் இரட்டைப் பிள்ளைகள் ஆகிவிடும். ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு நிறத்தை எழுதுங்கள்.

இன்னொன்று. மீட்டரைப் பிடிக்கும் நட்டுகளில் ஒன்றின் அடியில் வளையம் வைத்த கறுப்பு வயர் மாட்டியிருக்கும். நட்டைத் திருகும்போது அது தானாக விழுந்து வயர்க் கூட்டத்துக்குள் மறைந்துவிடும். அதை மறக்காதீர்கள். பிறகு வந்து புலம்பினால் இந்தப் பதிவைத்தான் காட்டுவேன்.

#6 வெள்ளை முள்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பழைய மீட்டர்களைத் திறந்து மூடுவதுதான் என் பொழுதுபோக்கு.

அந்த மெல்லிய குழாய் வெறும் குழாய் இல்லை. அதன் மறுமுனையில் ஒரு குமிழ் இருக்கிறது. அது எஞ்சினின் தலைப்பகுதிக்குள் தண்ணீரில் நனைந்திருக்கிறது. உள்ளே ஈதர். சூடானால் ஆவியின் அழுத்தம் கூடும், அது குழாய் வழியாக வந்து மீட்டருக்குள் இருக்கும் வளைந்த குழலை நிமிர்த்தும், முள் நகரும். குமிழ், குழாய், மீட்டர் மூன்றும் ஒரே உறுப்பு. நடுவில் இணைப்பே கிடையாது. வெட்டினால் ஈதர் போய்விடும், மீட்டர் செத்துவிடும். நான் முதன்முதலில் வாங்கிய மீட்டரை விற்றவர் வண்டியிலிருந்து எடுக்கச் சிரமமாக இருந்ததென்று குழாயைக் கத்தரித்துக் கொடுத்திருந்தார். பார்சலைப் பிரித்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரட்டை மீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா? அப்படியென்றால் அதை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். எடுத்தே தீர வேண்டுமென்றால் முதலில் ரேடியேட்டரில் தண்ணீரைக் கொஞ்சம் வடியுங்கள், பிறகு எஞ்சின் பக்கமிருந்து குமிழை எடுங்கள். குமிழ் அங்கே துருப்பிடித்து ஒட்டியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு நாள் காத்திருங்கள். நட்டு சுற்றும்போது குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். முறுக்கிக்கொண்டால் உடனே நிறுத்துங்கள். எஞ்சின் அருகே குழாய் சுருளாகச் சுற்றியிருப்பது அழகுக்கில்லை. அதிர்வை அதுதான் வாங்கிக்கொள்கிறது, அதை நீட்டி நிமிர்த்திவிடாதீர்கள்.

ஆயில் குழாய் அவ்வளவு முரண்டு பிடிக்காது. மீட்டர் முனையில் திருகிக் கழற்றலாம். உள்ளே ஒரு சின்னத் தோல் வாஷர் இருக்கும், அது கீழே விழுந்தால் தேட வேண்டியிருக்கும். திரும்ப மாட்டியதும் எஞ்சினை ஓடவிட்டு அந்த இணைப்பை விரலால் தடவிப் பாருங்கள். கசிந்தால் சூடான ஆயில் உங்கள் காலில்தான் சொட்டும்.

#7 அறுபத்தாறாம் மாடல்

இரட்டை மீட்டரைத் தொடுவதாக இல்லை. அது வேலை செய்கிறது; அது நீடூழி வாழட்டும்.

மற்ற இரண்டும் வெளியே வந்துவிட்டன. சீட்டையும் கழற்றினேன், வளையத்தையும் கழற்றினேன். இருவர் மனமும் குளிரட்டும். ஸ்பீடோமீட்டர் கேபிளின் நட்டுதான் உயிரை வாங்கியது. கண்ணால் பார்க்க முடியாத இடம், இரண்டு விரல் மட்டும் எட்டுகிறது, அந்த விரல்களும் ஒன்றையொன்று மறைக்கின்றன. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்களே, இங்கே நிதானமாகப் போனாலும் நுழையவில்லை. கடைசியில் துணியைச் சுற்றிய குறடால் கால் சுற்று இளக்கி, பிறகு விரலால் எடுத்தேன். பயண மைலைப் பூஜ்யமாக்கும் குமிழ் டேஷ்போர்டின் அடியில் தனியாக ஒரு நட்டில் நிற்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. மீட்டர் பாதி வெளியே வந்து நின்றுவிட்டது. இன்னும் இரண்டு முறை இழுத்திருந்தால் உடைத்திருப்பேன்.

இடம் போதாமல் உள்ளே இருந்த ஒரு சின்னத் தகரப் பெட்டியையும் ஸ்க்ரூவை எடுத்து ஒதுக்கி வைத்தேன். இப்போது கண்ணாடியைத் திறப்பது எப்படி?

#8 வெள்ளை முள்

முன்வளையத்தை நெம்பாதீர்கள். அதன் உள்விளிம்பில் நாக்குகள் இருக்கின்றன. மீட்டர் உடலின் விளிம்பில் அவற்றுக்கு நேராக வெட்டுகள் இருக்கின்றன. நாக்குகள் வெட்டுக்கு நேராக வரும்வரை வளையத்தைச் சுற்றினால் போதும். பழைய ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்கும். விளிம்பில் ஒரு துளி எண்ணெய், இரண்டு கைக்கும் ரப்பர் உறை, சீரான அழுத்தம். ஒரே இடத்தில் அழுத்தினால் வளையம் முட்டை வடிவமாகிவிடும்.

திறந்ததும் முகப்புத் தட்டை எதனாலும் துடைக்காதீர்கள். ஈரத் துணியோடு எண்களும் வந்துவிடும். ஊதினால் போதும். முள்ளையும் பிடுங்க வேண்டாம். அது நிற்கும் இடம்தான் அளவின் கணக்கு.

ஓடோமீட்டரில் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. உள்ளே ஒரு சின்ன நெம்பு முன்னும் பின்னும் அசைந்து, பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ளுகிறது. பழைய கிரீஸ் பிசினாக இறுகி அந்த நெம்பைப் பிடித்திருக்கும். சுத்தம் செய்துவிட்டு, கடிகாரத்துக்கு விடும் எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு வையுங்கள். கேபிள் நுழையும் சதுரத் துளையில் பொருந்தும் ஏதாவது ஒன்றைச் செருகி விரலால் சுற்றிப் பாருங்கள், நெம்பு பல்லைத் தள்ளுவது கண்ணுக்கே தெரியும்.

உடலின் உட்புறம் வெள்ளையாக இருக்கும். பழுத்துப்போயிருந்தால் ஒரு பூச்சு வெள்ளைப் பெயிண்ட் அடியுங்கள். 2.2 வாட் பல்புதான் அது. அதன் வெளிச்சத்தை முகப்புக்குத் திருப்புவது இந்தச் சுவர்தான். மங்கலுக்குப் பாதி மருந்து இதிலேயே இருக்கிறது.

முகப்பின் அடியில் சின்ன எழுத்தில் ஓர் எண் இருக்கும், 1280 என்பதுபோல். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது அது. மீட்டரையே மாற்றுகிறவர்கள் முகத்தைப் பார்த்து வாங்காமல் அந்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். எண் மாறினால் வேகமும் பொய், மைலும் பொய்.

#9 கிழட்டு கியர்பாக்ஸ்

கையோடு கேபிளின் உள்கம்பியையும் உருவி எடுத்துத் துடைத்துவிடுங்கள். கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள், அதுவும் கியர்பாக்ஸ் பக்கம் மட்டும். மீட்டர் பக்கத்துக் கடைசி 20 சென்டிமீட்டரை வறண்டே விடுங்கள். கிரீஸ் திருகாணியில் ஏறுவதுபோல் கம்பியில் ஏறி மீட்டருக்குள் போகும். உள்ளே சுழலும் காந்தத்துக்கும் முள்ளோடு சேர்ந்த அலுமினியக் கிண்ணத்துக்கும் இடையில் காற்று மட்டும்தான் இருக்க வேண்டும். கிரீஸ் புகுந்தால் காந்தம் கிண்ணத்தைக் கையோடு இழுத்துக்கொண்டு போகும், நின்ற இடத்திலேயே வண்டி நூறைத் தொடும்.

மாட்டும்போது உள்கம்பி உறைக்கு வெளியே ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சதுர முனை துளைக்குள் உட்கார்ந்ததை விரலில் உணர்ந்த பிறகே நட்டைத் திருகுங்கள். நட்டு விரல் இறுக்கம் போதும். கேபிள் எங்கேயும் 15 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளையக் கூடாது, வளைந்தால் முள் ஆடிக்கொண்டே இருக்கும்.

#10 நேற்று வாங்கியவன்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 1972 மாடல். நானும் மீட்டர்களை எடுக்கிறேன். எல்லாப் பல்புகளையும் எல்ஈடியாக மாற்றிவிடலாமா?

#11 மின்மினி

மீட்டர் விளக்குகளுக்குத் தாராளமாக. மங்கலாக்கும் குமிழ் மட்டும் ஒழுங்காக வேலை செய்யாமல் போகலாம். ஆனால் சார்ஜ் எச்சரிக்கை விளக்கில் கை வைக்காதீர்கள். உங்களுடையது ஆல்டர்னேட்டர் வண்டி, ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது அதுதான். சாவி போட்டதும் அந்தப் பல்பின் வழியாகப் போகும் சிறு மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. எல்ஈடி அந்த அளவு மின்னோட்டத்தை விடாது. ஆல்டர்னேட்டர் தூங்கும், நீங்கள் வழியில் நிற்பீர்கள்.

பதிவைத் தொடங்கியவரின் 1966 வண்டியில் அதே வேலைக்கு டைனமோ. அதற்கு இந்த விளக்கின் தயவு தேவையில்லை. ஆனால் பாசிட்டிவ் எர்த் என்பதால் சாதாரண எல்ஈடி அங்கே தலைகீழாக மாட்டியதாக ஆகிவிடும், எரியாது. பழைய பல்பே போதும்.

#12 அறுபத்தாறாம் மாடல்

ஓடோமீட்டர் சுற்றுகிறது! நெம்பு பல்லைத் தள்ளுவதை மேசையில் வைத்துப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகிழ்ச்சி அதோடு முடிந்தது. இரண்டு மீட்டரையும் மாட்டி, பேட்டரியை இணைத்து, சாவி போட்டேன். கேபிளின் உள்கம்பி இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது, அதனால் கேபிளை மட்டும் இன்னும் இணைக்கவில்லை. நிலவரம் இது:

எஞ்சின் முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. ஆனால் டேகோமீட்டர் முள் அசையவில்லை.

டாங்கில் பாதிதான் பெட்ரோல் இருக்கிறது. மீட்டரோ நிறைந்த கோட்டையும் தாண்டிப் போய் நிற்கிறது.

மூன்றாவதுதான் பேய் வேலை. பார்க்கிங் விளக்கை மட்டும் போட்டால் ஸ்பீடோமீட்டரில் ஹை பீமுக்கான நீல விளக்கு எரிகிறது, மீட்டர் வெளிச்சம் மங்கலாக இருக்கிறது. ஹை பீமைப் போட்டால் ஸ்பீடோமீட்டரில் எல்லாமே அணைந்துவிடுகின்றன. முகப்பு விளக்குகள் மட்டும் ஜோராக எரிகின்றன.

#13 சீட்டுக்கடியில் ஸ்பேனர்

பூசாரியைக் கூப்பிடுங்கள்.

#14 மின்மினி

பதிவு எண் 5. கடைசிப் பத்தி. கறுப்பு வயர்.

சரி, விளக்குகிறேன், ஏனென்றால் இது அழகான கோளாறு. பல்பு மாட்டும் குப்பிகள் மீட்டரின் உலோக உடல் வழியாகத்தான் எர்த் எடுக்கின்றன. அந்த உடலுக்கு எர்த் தருவது நட்டுக்கு அடியிலிருந்த கறுப்பு வயர். டேஷ்போர்டு இரும்புதானே, அது தராதா என்று கேட்கலாம். ப பட்டையின் கால்கள் உட்காருவது பெயிண்டின்மேல். அதை நம்ப முடியாது.

எர்த் இல்லாத நிலையில் பார்க்கிங் விளக்கைப் போட்டால், மீட்டர் பல்பு வழியாக உடலுக்கு வந்த மின்சாரம் வெளியேற வழி தேடும். கிடைக்கும் ஒரே வாசல் நீல விளக்கு. அதன் வழியாகத் தலைகீழாகப் போய், அதன் வயரைப் பிடித்து, முகப்பு விளக்கின் ஹை பீம் இழை வழியாக எர்த்தை அடைகிறது. ஆகவே நீலம் எரிகிறது, மற்றவை பங்கு குறைந்து மங்குகின்றன. நீங்கள் ஹை பீமைப் போட்டதும் அந்த வாசலிலும் 12 வோல்ட் வந்து நிற்கிறது. இரு பக்கமும் ஒரே அழுத்தம், ஓட்டம் இல்லை, எல்லாம் இருட்டு.

கேபிளை மாட்டாமல் சோதித்தது உங்கள் நல்ல நேரம். மாட்டியிருந்தால் அதன் உலோக உறை வழியாகக் கியர்பாக்ஸிலிருந்து கள்ள எர்த் கிடைத்து, எல்லாம் சரி என்று மூடியிருப்பீர்கள். இரண்டு மாதம் கழித்து விளக்குகள் அவ்வப்போது கண் சிமிட்டும். காரணம் தேடி அலைந்திருப்பீர்கள்.

#15 கிழட்டு கியர்பாக்ஸ்

பெட்ரோல் மீட்டருக்கு நான் சொல்கிறேன். ஒதுக்கி வைத்ததாகச் சொன்ன அந்தத் தகரப் பெட்டிதான் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பெட்ரோல் மீட்டருக்குச் சராசரியாக 10 வோல்ட் கொடுப்பது அதன் வேலை. உள்ளே சூடானால் வளையும் ஓர் உலோகப் பட்டை தொட்டும் விலகியும் மின்சாரத்தைத் துண்டு துண்டாக அனுப்புகிறது. அந்தப் பட்டையைச் சூடாக்கும் சுருளுக்கு எர்த் கிடைப்பது பெட்டியின் உடல் வழியாக, அதாவது நீங்கள் கழற்றிய ஸ்க்ரூ வழியாக. எர்த் இல்லையென்றால் சுருள் சூடாகாது, பட்டை விலகாது, முழு 12 வோல்ட்டும் அப்படியே போகும். மீட்டர் மிகையாகக் காட்டும்.

ஸ்க்ரூ இருந்த இடத்தில் பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டு மாட்டுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அப்படியே இருக்கட்டும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் எண் பூஜ்யத்துக்கும் பன்னிரண்டுக்கும் தாவிக்கொண்டிருக்கும், பயப்பட வேண்டாம், அதுதான் ஆரோக்கியம்.

#16 வெள்ளை முள்

டேகோமீட்டர் எனக்கு. முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கட்டையும் அதில் ஒரு வெள்ளை வயர் வளையமாகச் சுற்றிப் போவதும் இருந்தனவா? அதைக் கட்டையிலிருந்து கழற்றினீர்களா?

#17 அறுபத்தாறாம் மாடல்

கழற்றினேன். வயரைத்தானே பிடித்திருக்கிறது என்று எடுத்துவிட்டு, திரும்பச் சுற்றி மாட்டினேன். படம் எடுக்கவில்லை.

#18 வெள்ளை முள்

அதுதான். அந்தக் காலத்து, ஆர்விஐ என்று குறியிட்ட வகை டேகோமீட்டர், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தை வயரைத் தொடாமலே உணர்கிறது. காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டும் பிளாட்டினம் பாயிண்டுகள் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் வயரில் ஓடும் துடிப்பு, கட்டைக்குள் இருக்கும் காந்த வளையத்தில் எதிரொலிக்கிறது. துடிப்பு எந்தத் திசையில் வருகிறது என்பது முக்கியம். வளையத்தை மறுபக்கமாகச் சுற்றிவிட்டால் காயிலுக்கு மின்சாரம் வழக்கம்போலப் போகும், எஞ்சின் ஓடும், மீட்டருக்கு மட்டும் எதுவும் கேட்காது. முதலில் அதன் கறுப்பு வயரையும் பாருங்கள். பிறகு வளையத்தைக் கழற்றி எதிர்த்திசையில் சுற்றுங்கள்.

பின்னாளில் யாராவது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றச் சொன்னால் இந்த மீட்டரை நினைவில் வையுங்கள். பெட்ரோல் மீட்டருக்கு எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான். டேகோமீட்டரை மட்டும் திறந்து உள்ளே மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் எரிந்துபோகும்.

#19 சீட்டுக்கடியில் ஸ்பேனர்

மூன்று கோளாறில் இரண்டு எர்த். நான் அடித்த கணிப்பு பேய். பக்கத்தில்தான் இருந்தேன்.

#20 அறுபத்தாறாம் மாடல்

முடிந்தது.

கறுப்பு வயர் ஹீட்டர் குழாய்க்குப் பின்னால் சுருண்டு படுத்திருந்தது. நட்டுக்கு அடியில் வைத்ததும் நீல விளக்கு தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டது. ஸ்டெபிலைசர் ஸ்க்ரூவின் கீழ் துரு ஒரு தகடாகவே உரிந்து வந்தது, தேய்த்து மாட்டினேன். சாவி போட்டதும் பெட்ரோல் முள் சோம்பலாக ஏறி, பாதிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. வெள்ளை வயரை மறுபக்கமாகச் சுற்றினேன், டேகோமீட்டர் 900இல் வந்து நின்றது. கேபிளைக் கடைசியாக மாட்டிவிட்டு இரவில் ஒரு சுற்றுப் போய் வந்தேன். உட்புறம் வெள்ளை அடித்த பிறகு முகப்பு படிக்கும் அளவுக்குத் தெரிகிறது. ஓடோமீட்டர் நான்கு மைல் கூட்டியிருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். சீட்டை மாட்டுவதற்கு முன் தரைவிரிப்பைத் தூக்கினேன், அடியில் ஒரு வட்ட நட்டு கிடந்தது. என் நட்டுகள் நான்கும் அவற்றின் இடத்தில் இருக்கின்றன, இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டேன்.

#21 கிழட்டு கியர்பாக்ஸ்

மரையில் அழுக்கு இருக்கிறதா, பளபளப்பாக இருக்கிறதா?

#22 அறுபத்தாறாம் மாடல்

கறுத்த அழுக்கு. மரையே தெரியவில்லை.

#23 கிழட்டு கியர்பாக்ஸ்

அப்படியென்றால் உங்களுக்கு முன்பு அங்கே மல்லாந்து படுத்தவருடையது. தேடிக் களைத்து வேறு நட்டு வாங்கிப் போட்டிருப்பார். கழுவி டப்பாவில் போட்டு வையுங்கள், அடுத்த முறை உங்களுடையது விழும்.